வெடிப்பின் மேல் வைத்த புல்

மூன்றுகால் ஸ்டாண்டைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கொண்டுபோனேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு முன்னால் அதை விரித்து, கமெராவைப் பூட்டி, மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நான்கைந்து பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மூன்று காலில் ஏதாவது நின்றால் அது நிலம் அளக்கிற கருவி. நிலத்தை அளந்தால் அடுத்து லயத்தை உடைப்பார்கள், இல்லையென்றால் மலையைத் துண்டு போட்டு யாருக்காவது கொடுப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த வரிசை அது.

"யாருங்க அளக்கச் சொன்னது?" என்றாள் ஒருத்தி.

"அளக்க இல்ல. படம் எடுக்கத்தான் வந்தேன்."

"படம் எடுக்க எதுக்கு மூணு காலு? ஒங்க ரெண்டு காலு பத்தலியா?"

சிரித்தார்கள். ஆனால் நான் ஸ்டாண்டை மடக்கிப் பையில் போடும்வரை ஒருத்தியும் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கமெராவில் கட்டித் தொங்கவிடும் நூலுக்கு மாறினேன்.

நான் பிறந்தது அந்த லயத்தின் ஐந்தாம் வீட்டில். பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். இப்போது அந்த வீட்டில் அக்காவும் மச்சானும் இருக்கிறார்கள். அக்காவுக்கு மலையில் வேலை. மச்சான் முன்பு பக்டரியில் இருந்தார், இப்போது கிடைத்த வேலைக்குப் போகிறார். நான் பதுளையில் ஒரு தபால் கந்தோரில் இருக்கிறேன். தினமும் காலையில் முத்திரையில் தேதியை மாற்றுவதுதான் என் முதல் வேலை. அதனாலோ என்னவோ, தேதி போடாத எதுவும் உண்மையில் நடந்ததாகவே எனக்குத் தோன்றாது. வாசித்து முடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி எழுதுவேன். வாங்கிய குடையின் உள்பக்கத்தில்கூட எழுதியிருக்கிறேன். "இவன் தும்முனாலும் தேதி போட்டுட்டுத்தான் தும்முவான்" என்பாள் அக்கா.

அந்த லயத்திலிருந்து அக்காவை வெளியே கொண்டுவர ஒரு சாட்சி இருந்தது. அதை அழித்தவன் நான். கோபத்திலோ கவனமின்மையிலோ செய்யவில்லை. மிகுந்த கவனத்தோடு, ஒரு ஞாயிறு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து செய்தேன். அது நடந்த விதத்தை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உருண்டைப் படம் என்று நான் சொல்வது, நிற்கிற இடத்திலிருந்து சுற்றிலும், மேலும், கீழும் தெரிகிற எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது. சாதாரணப் படத்தில் எதை விடுவது என்று எடுப்பவன் தீர்மானிக்கிறான். உருண்டைப் படத்தில் எதையும் விட முடியாது, எடுப்பவனின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லை என்று நம்பினேன். மீரியபெத்தத் தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போன பிறகு, அந்த லயங்கள் எப்படி இருந்தன, எந்த வீட்டுக்கு முன்னால் எந்த மரம் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். கல்யாணப் படங்களின் ஓரத்தில் தெரிந்த சுவர்களை வைத்துத்தான் இடம் சொன்னார்கள். நம் பக்கத்து லயங்களையாவது முழுதாகப் பதிந்துவைத்துவிட வேண்டும் என்று தொடங்கினேன். பழைய கமெரா ஒன்றும், மீனின் கண்போல் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்றும், ஒரு குறிப்புப் புத்தகமும் இருந்தன.

இந்த வேலையில் ஒரே ஒரு விதிதான். எட்டுப் படங்கள் எடுக்கிறோம்: சுற்றிலும் ஆறு, வானத்துக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. எட்டும் அந்தரத்தில் உள்ள ஒரே புள்ளியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடித் தலையை அசைத்தால், தூரத்து மலைமேல் விரல் இடம் மாறுகிறதல்லவா? கமெரா கொஞ்சம் நகர்ந்தாலும் அதுவே நடக்கும். பக்கத்தில் உள்ள தூண் ஒரு படத்தில் மலைக்கு இடதுபுறம் நிற்கும், அடுத்த படத்தில் வலதுபுறம். பிறகு எந்த மென்பொருளாலும் இரண்டையும் ஒட்ட முடியாது. ஸ்டாண்ட் இருந்தால் அந்தப் புள்ளியை அது பிடித்துக்கொள்ளும். இல்லாதவன் லென்ஸின் கழுத்தில், ஒளி கூடிக் கடக்கிற இடத்துக்கு நேராக, ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நூலின் நுனியில் ஓர் இரும்பு நட்டு. தரையில் ஒரு குறியைத் தேர்ந்தெடுத்து, நட்டு எப்போதும் அந்தக் குறிக்கு மேலேயே, தொட்டும் தொடாமலும் நிற்கும்படி பார்த்துக்கொண்டு, கமெராவைச் சுற்றி நாம் நடக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் கமெராவைப் பிடித்துக்கொண்டு தாங்கள் நின்ற இடத்தில் திரும்புவார்கள். அது பிழை. கமெரா நிற்க வேண்டும், ஆள் சுற்ற வேண்டும்.

குறி மிக முக்கியம். வெறும் புல்தரையில் எது குறியென்று இரண்டு அடி எடுத்துவைப்பதற்குள் மறந்துவிடும். அதனால் ஒரு கல், ஒரு வேர், தண்ணீர் ஓடும் கானின் சிமெந்து விளிம்பு என்று கண்ணுக்கு உடனே பிடிபடும் எதையாவது தேடுவேன். குறிப்புப் புத்தகத்தில் தேதி, நேரம், காற்று, வெளிச்சம் ஆகியவற்றோடு 'குறி' என்று ஒரு கட்டமும் உண்டு.

அக்காவின் லயத்தை எடுத்தது கச்சான் காற்று வீசுகிற மாதத்தில், ஒரு ஞாயிறு காலை. அந்தக் காற்றில் நூல் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ஏழு மணிக்குச் சற்று முன்பு காற்று ஓய்கிற ஒரு கால்மணி நேரம் உண்டு. மாதத்துக்கு ஒரு தடவை நடக்கும் பூசைக்காகப் பாதி லயம் கீழ் டிவிஷன் கோவிலுக்குப் போயிருந்தது. வாசல் வெறுமையாக இருந்தது. லயத்தின் முன்வாசல் முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில், விளிம்புக்கு ஆறேழு அடி உள்ளே, தரையில் ஒரு வெடிப்பு இருந்தது. விரல் நுழையும் அகலம். ஐந்தாம் வீட்டு வாசலுக்கு நேரே தொடங்கி, வளைந்து, ஏழாம் வீட்டுப் பக்கம் போனது. அதன் முனை கூராக, தெளிவாக இருந்தது. அதைவிட நல்ல குறி கிடைக்காது. நட்டை அதன்மேல் தொங்கவிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள்.

"என்னாடா அது, நூல்ல குண்டு கட்டி ஆட்டுற? தண்ணி பாக்குறியா?"

கிணறு வெட்டும் முன் நூலில் எதையாவது கட்டித் தொங்கவிட்டு நீரோட்டம் பார்க்கிறவர்கள் வெலிமடைப் பக்கத்தில் உண்டு.

"ஆமா. நல்ல தண்ணி இருக்கு அக்கா. தோண்டலாம்" என்றேன்.

"தோண்டு. பைப்புல ரெண்டு நாளா வரல." பிறகு தரையைப் பார்த்தாள். "அது மேல போட்டு மிதிக்காத. போன மழைக்கு வெடிச்சது. இன்னும் மூடல."

"வெயிலுக்கு வெடிச்சிருக்கும்."

"வெயிலுக்கு வெடிக்கிறது எங்களுக்குத் தெரியாதா? நீ கந்தோர்ல குந்தியிருக்கிற ஆளு."

நான் சுற்றி நடந்து ஏழு படங்களையும் எடுத்து முடித்திருந்தேன். எட்டாவது தரைப் படம். அதற்கு விலகி நின்று, கையை நீட்டி, கமெராவைக் குப்புறப் பிடித்து எடுக்க வேண்டும். அக்காவிடம் நிழல் விழாமல் தள்ளி நிற்கச் சொன்னேன். காற்று திரும்ப எழுவதற்குள் எடுத்துவிட்டேன். அவள் சொன்னதைக் காதில் வாங்கினேன், புத்தகத்தில் எழுதவில்லை.

அன்று பிற்பகலே பதுளைக்குத் திரும்பி, அறையில் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினேன். மலைகள் அழகாகச் சேர்ந்தன. கூரைத் தகரத்தின் வரிகள், கொடியில் காய்ந்த துணிகள், எதிர்மலையின் தேயிலை நிரைகள் எல்லாம் ஒட்டுத் தெரியாமல் பொருந்தின. தரை மட்டும் பொருந்தவில்லை. கையால் எடுக்கும் படங்களில் பிழையெல்லாம் தரையில்தான் வந்து சேரும், ஏனென்றால் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். போதாததற்கு எட்டாவது படத்தை விலகி நின்று நீட்டி எடுத்திருந்தேன். வெறும் புல்லாக இருந்தால் கண் மன்னித்துவிடும். ஒரு புல்லுக்கும் அடுத்த புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கோடு மன்னிக்காது. அந்த வெடிப்பு ஒட்டு வரும் இடத்தில் முறிந்து, இரண்டு விரல் தள்ளி மறுபடி தொடங்கியது. படத்தைத் திறக்கும் எவருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

இதைத் திருத்த ஒரு வழி உண்டு. உருண்டையை விரித்துச் செவ்வகமாக்கினால், பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் தென் துருவம் அடியோரம் முழுவதும் இழுபட்டுக் கிடப்பதுபோல, நம் காலடி மண் படத்தின் அடியில் நீளமாக இழுபட்டுக் கிடக்கும். அந்த நிலையில் அதைத் தொட முடியாது. உருண்டையைக் கவிழ்த்து, அடியை முன்னால் கொண்டுவந்து, அந்தப் பகுதியை மட்டும் தட்டையான படமாக மாற்றி எடுத்து, திருத்தி, பிறகு மறுபடி வளைத்து உருண்டையில் பதிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. உலகத்தைத் திருப்பி, அதன் அடியைத் துடைத்து, மறுபடி நிமிர்த்தி வைப்பதுபோல் இருக்கும்.

முதலில் முறிந்த கோட்டை இழுத்துச் சேர்க்கப் பார்த்தேன். சேரவில்லை. பிறகு பக்கத்திலிருந்த புல்லை எடுத்து முறிவின்மேல் வைத்தேன். அந்த இடம் மட்டும் மூடினால் கோடு இரண்டு துண்டாகத் தெரிந்தது, ஆகவே இன்னும் கொஞ்சம் வைத்தேன். நூலும் நட்டும் என் சப்பாத்தின் நுனியும் அந்தப் புல்லுக்கடியில் போயின. ஐந்தாம் வீட்டு வாசலிலிருந்து ஏழாம் வீடு வரைக்கும் பச்சையாக, சீராக, ஒரே புல். மாலை ஆறு மணிக்கு முடித்தேன். ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தோடு, எப்போதும் செய்வதுபோல், எட்டு மூலப் படங்களையும் அழித்துவிட்டேன். கணினியில் இடம் குறைவு. முடிந்த வேலையின் சில்லுகளை வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது.

அதே படத்தை இன்னொரு விதமாகவும் மாற்றினேன். காலடியை நடுவில் வைத்து, சுற்றியுள்ளதையெல்லாம் வட்டமாக வளைத்தால், இடம் முழுவதும் ஒரு சிறு கிரகம்போல் ஆகிவிடும். லயம் உருண்டு, வீடுகள் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும், மலைகள் முட்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும். பதுளைக் கடைவீதியில் படம் அச்சடிக்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் பெரிதாக அச்சிட்டு அக்காவுக்குக் கொடுத்தேன்.

"நம்ம லயமா இது? பூசணிக்காய்ல ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றார் மச்சான். ஆனாலும் சுவரில் மாட்டினார். பக்கத்து வீடுகளிலிருந்து வந்து தங்கள் கதவைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருடம் மச்சானுக்கு வேலை குறைந்தது. வெலிமடையில் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, லயத்துக்கு முன்னால் உள்ள சரிவைப் படிபோல வெட்டி லீக்ஸ் பயிர் போட்டார். நன்றாகத்தான் வந்தது. அந்த ஐப்பசி மழையில் வெடிப்பு உள்ளங்கை அகலமானது. ஏழாம் வீட்டுச் சுவரில் கீறல் ஏறியது. மழை கொட்டிய நாட்களில் லயத்தார் பாய்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். வேறு இடத்தில் வீடு கொடுக்கவேண்டிய லயங்களின் பட்டியல் ஒன்று தயாராவதாகச் செய்தி வந்தது. மண்ணைப் பார்க்கத் தெரிந்த அதிகாரி ஒருவர் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியிலிருந்து வரப்போவதாகவும் சொன்னார்கள்.

தோட்ட நிர்வாகத்தின் தரப்பில் ஒரே வாதம்தான் சொன்னார்கள்: நிலம் நன்றாகத்தான் இருந்தது, லீக்ஸ் போட அடிமண்ணை வெட்டியதால்தான் வெடித்தது, வெட்டியவர்களே மூடிக்கொள்ள வேண்டும். அப்படியென்றால் லயம் பட்டியலில் வராது. மச்சான் வெட்டுவதற்கு முன்பே வெடிப்பு இருந்தது என்று காட்டினால் வரும். எல்லாம் அந்த ஒரு கேள்வியில் நின்றது.

அக்கா போனில் சொன்னாள்: "நமக்குப் பயமில்லடா. நீதான் படம் எடுத்து வச்சிருக்கியே. தேதி வேற இருக்கு."

 அவள் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து மூன்று தடவை "ஹலோ, ஹலோ" என்றாள்.

அடுத்த நாளே கணினியைத் தூக்கிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். அழித்த படங்களை மீட்க அவருக்குத் தெரியும். அரை நாள் பார்த்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல தம்பி" என்றார் கடைசியில். "அழிச்ச எடத்துக்கு மேலால வேற வேற படம் ஏத்திட்டீங்க. ஒன்டும் மிச்சமில்ல. சும்மா குப்பையாப் போட்டு வைக்கிற ஆளா இருந்தா ஒரு மூலையில கெடச்சிருக்கும். நீங்க சரியான நேர்த்தி."

முடிந்த படத்தையே பலவிதமாக மாற்றிப் பார்த்தேன். கவிழ்த்தேன், தட்டையாக்கினேன், பெருப்பித்தேன். நான் புல் வைத்த பகுதிக்கு வெளியே, ஏழாம் வீட்டுத் தேயிலைச் செடிக்குக் கீழே, ஒரு சாண் நீளத்தில் கரிய கோடு ஒன்று தப்பியிருந்தது. அவ்வளவுதான். குறிப்புப் புத்தகத்தையும் திறந்தேன். அந்த ஞாயிற்றின் 'குறி' கட்டத்தில் என் கையெழுத்தில் இருந்தது: வெடிப்பின் முனை, ஐந்தாம் வீட்டுக்கு நேரே. அதைக் கண்டதும் அழுகை வந்தது. இது போதும் என்று நினைத்தேன்.

விசாரணை பிள்ளைக் காம்பராவில் நடந்தது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற இடம். அன்றைக்குக் குழந்தைகளை வராந்தாவுக்கு மாற்றியிருந்தார்கள். உள்ளே சின்னச் சின்ன நாற்காலிகள்தான். அதிகாரியும் தோட்டத்து உதவி மனேஜரான சின்னதொரையும் மட்டும் மேசைக்குப் பின்னால் பெரிய நாற்காலியில் இருந்தார்கள். அக்கா சுவரிலிருந்து அந்த உருண்டைப் படத்தைக் கழற்றி, சேலையால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். நடந்ததை அவளிடம் முதல்நாளே சொல்லியிருந்தேன். அவளுக்கு விளங்கவில்லை. "படம்னா படம்தானடா, அதுல எப்புடி இல்லாமப் போகும்?" என்றாள். நான் ஏதோ தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்று முடிவு செய்திருந்தாள்.

அதிகாரி இளைஞர், தமிழ் பேசுகிறவர், மரியாதையானவர். படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அந்த வகைப் படத்தில் நடுமையம்தான் காலடி. அவருடைய விரல் நேராக அங்கே போய் நின்றது.

"எங்கம்மா வெடிப்பு? இங்க புல்லுத்தானே இருக்கு."

"இருக்குங்க சேர். நல்லாப் பாருங்க" என்றாள் அக்கா. எட்டிப் பார்த்தாள். அந்தப் படம் ஒரு வருடத்துக்கு மேல் அவளுடைய வீட்டுச் சுவரில் தொங்கியது. ஒருநாளும் அவள் நடுவைப் பார்த்ததில்லை, தன் கதவைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சின்னதொரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். 

நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூல், நட்டு, எட்டாவது படம், ஒட்டாத கோடு, புல். தப்பிய ஒரு சாண் கோட்டைக் கைபேசியில் பெருப்பித்துக் காட்டினேன். குறிப்புப் புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இந்தக் கோடு கான் தண்ணி போன தடமாவும் இருக்கலாம், இல்லையா?"

"இருக்கலாம். ஆனா அது இல்ல."

"இந்தப் படத்துல நீங்க கையால மாத்தினீங்க. அப்படித்தானே?"

"தரையை மட்டும்."

"எனக்குத் தேவை தரை மட்டுந்தான்" என்றார். குரலில் கேலி இல்லை. புத்தகத்தின் பக்கங்களைத் திருப்பினார். "ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க. ஆனா படத்தையே மாத்தின ஒருத்தர் புத்தகத்தை மாத்தமாட்டார்னு நான் மேல என்னனு எழுதுறது? நீங்க இவங்க தம்பி வேற."

மூடி என் பக்கம் தள்ளினார். அந்தப் புத்தகத்தில் பதினொரு லயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், காற்று. நான் மேசையிலிருந்து எடுத்தபோது அவை எல்லாமே பொய்யாகிவிட்டிருந்தன. புல் வைத்தது ஒரு படத்தில்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எல்லாவற்றிலும் எங்கேயாவது கொஞ்சம் வைத்திருப்பேன்.

வெளியே வந்ததும் மச்சான் பீடி பற்றவைத்தார். "லீக்ஸ் போட்டது நானு. நீ ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க?" என்றார். அக்கா படத்தை எனக்குத் திருப்பித் தந்தாள்.

கடிதம் மூன்று வாரத்தில் வந்தது. லயம் பட்டியலில் இல்லை, தொடர்ந்து கண்காணிக்கப்படும் என்று இருந்தது. அதிகாரி தன் பொறுப்பில் ஒன்று செய்தார். வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு கட்டையை அடித்து, இடைவெளியைச் சரியாக மூன்று அடி வைத்தார். தினமும் காலையில் அளக்க வேண்டும், இரண்டு அங்குலம் கூடினால் உடனே தனக்குப் போன் பண்ண வேண்டும், அதற்குப் பிறகு எந்தப் படமும் தேவையில்லை என்றார், பட்டியலில் சேர்க்கும்படி தானே எழுதுவதாகவும் சொன்னார். அக்கா தையல் டேப்பால் அளந்து, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் முன் எனக்குச் சொல்வாள். நான் எழுதுவேன்.

முதல் வாரம் அசைவில்லை. பிறகு கால் அங்குலம். பிறகு நின்றுவிட்டது. நான் காலையில் போனுக்குக் காத்திருக்கும்போது எதை விரும்புகிறேன் என்று கவனித்தேன். எண் ஏற வேண்டும் என்று விரும்புகிறேன். என் அக்கா படுக்கிற வீட்டின் முன்னால் நிலம் இரண்டு அங்குலம் விலக வேண்டும், அதற்குமேல் விலகக் கூடாது. அவ்வளவு சொன்னபடி கேட்கிற மண் எங்கே இருக்கிறது? என் அறைக்கு வந்துவிடுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "வந்து? தோட்டத்துல பேர வெட்டிட்டா ஒங்க கந்தோர்ல முத்திர குத்தவா?" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிறு போயிருந்தபோது, மூவரும் கட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். மழை விட்டிருந்தது. மச்சான் குனிந்து ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"மண்ணு நல்லா எளகித்தான் இருக்கு. ஒரு இழு இழுத்து விட்டமுன்னா ரெண்டு அங்குலம் வந்துரும். யாருக்குத் தெரியப்போகுது?"

"வேணாம் மச்சான்" என்றேன்.

"ஏன்?"

"வந்து பாத்தா தெரிஞ்சிரும். அப்புறம் ஒண்ணுமே நம்ப மாட்டாங்க."

அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். விசாரணைக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "கேட்டீங்களா? வெடிப்பு மேல புல்லு வச்சவரு கட்டைய நகத்த மாட்டாராம். நம்மள சாகடிக்கிறதுக்குத்தான் கை வரும், காப்பாத்துறதுக்கு வராது. ரொம்ப நேர்மையான ஆளு."

மச்சான், "விடு புள்ள" என்றார். கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் நாலரை பஸ்ஸுக்கு இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் விடாத மழை. முதல் மூன்று நாளும் அக்கா சொன்ன எண் ஒன்றேதான். நான்காம் நாள் வியாழக்கிழமை, ஐந்து நாற்பதுக்கு அழைத்தாள்.

"மூணடி, ஒண்ணர அங்குலம்."

"நேத்து கால் அங்குலந்தானே இருந்துச்சு?"

"நேத்து நேத்து. இன்னைக்கு ஒண்ணர."

"மச்சான் எங்க?"

"ஏன், அவரு புடுங்கி நட்டாருனு கேக்குறியா?" கூரையில் மழை விழும் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. "எனக்குப் பெரட்டுக்கு நேரமாச்சு. ஒனக்கு எழுதணும்னா எழுது, இல்லாட்டி விடு."

வைத்துவிட்டாள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான்தான் நகர்த்தியிருப்பார் என்று முதலில் நினைத்தேன், அந்த நினைப்பு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். மச்சான் நகர்த்தியிருந்தால் இரண்டு அங்குலமும் நகர்த்தியிருப்பார். ஒன்றரையில் நிறுத்துவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அதிகாரியின் எண்ணை அழைத்தேன். இரண்டு அங்குலம் ஆகவில்லையே என்றார். நாளைக் காலை அளவையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். அக்காவை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலைக்குப் போகும்போது அவள் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள்.